நுரை கட்டாத தண்ணீர்

ஜூலை 9, புதன்

இன்று நான் சொல்லாதது: ‘அம்மா, நான் பார்த்தேன். பொடி அவர் பைக்குள் போகவில்லை, வாளிக்குள்தான் போனது.’

சொல்லியிருக்கலாம். சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காலையில், வீட்டு வேலைக்கு வரும் கல்பனாதி, கல்பனா அக்கா, பால்கனியில் அப்பாவின் வேட்டிகளை ஊறவைத்தபோது தற்செயலாகப் பார்த்தேன். ஒரு கை சோப்புப் பொடி போட்டுக் கலக்கினார். நுரை வரவில்லை. இன்னொரு கை. தண்ணீர் வெளிறியது, அவ்வளவுதான். மூன்றாவது கை போட்ட பிறகு ஓரத்தில் கொஞ்சம் நுரைத்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு துணியை அமுக்கினார்.

பதினொரு மணிக்கு அம்மா காலிப் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள். “கிடர்பூர் வீட்ல ஒரு பாக்கெட்டு ஒரு மாசம் வரும். இங்க பன்னெண்டே நாளு. மிச்சம் எங்க போச்சு, கல்பனா?” வங்காள மொழியில்தான் கேட்டாள். அம்மாவின் வங்காளமும் திருநெல்வேலியில் பிறந்ததுதான்.

“ஜொல்டா கராப், மாஷிமா” என்றார் கல்பனாதி. தண்ணீர் மோசம், சித்தி. பிறகு, எங்கள் வீட்டில் பதினோரு வருடத்தில் பழகிய தமிழில்: “நுரை இல்ல.”

அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து அவர் கையில் கொடுத்தாள். “குடிச்சுப் பாரு. உப்புக் கரிக்குதா? கல்கண்டு மாதிரி இருக்கு. தண்ணி மேல பழியப் போடாத.”

கல்பனாதி குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். திருத்த வேண்டிய ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம் மேசையில் கிடந்தது. திருத்தினேன்.

ஜூலை 10

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 14

ஏன் என்று எனக்கே விளக்க வேண்டியிருக்கிறது.

அம்மா பொய் சொல்லவில்லை. வீடு அழுக்காகத்தான் இருக்கிறது. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஏப்ரலில் கிடர்பூர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து இந்த நியூ டவுன் ஃபிளாட்டுக்கு வந்தோம். ஐந்தாம் மாடி. வந்து ஒரு மாதத்துக்குள் குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் வெள்ளைப் புள்ளி. எவர்சில்வர் டம்ளர்கள் காய்ந்ததும் கோலமாவு தெறித்ததுபோல ஆகின்றன. துண்டு அட்டையாக விறைக்கிறது. கறுப்புக் கிரானைட்டில் குழாயடி மட்டும் நரைத்துவிட்டது.

குவார்ட்டர்ஸில் சுவர் பெயர்ந்து கிடக்கும், ஆனால் அம்மாவின் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். இருபத்துநான்கு வருடம் அந்தப் பழைய வீட்டுக்குள் அவள் சம்பாதித்த பெயர் அதுதான். சொந்த வீடு வந்ததும் அந்தப் பெயர் போகிறது. மூன்றாம் மாடி மேக்னா பௌதி, மேக்னா அண்ணி, ஒரு நாள் டீ குடிக்க வந்தபோது, கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் குடித்தார். அம்மா அதைக் கவனித்தாள். அன்று மாலை முழுக்கக் கண்ணாடித் தடுப்பைத் தேய்த்தாள்.

அப்பா மட்டும் வேட்டியை விரித்துப் பார்த்துவிட்டு, “வெள்ள வேட்டி சாம்பலாயிட்டு வருது பாத்தியா வல்லி? எனக்கு முன்னால இது சன்னியாசம் வாங்கிரும்போல” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. “உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. அவ ஒழுங்காத் தேய்க்கல. கிடர்பூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வாராளே பாவம்னு பாத்தா, ஏனோதானோன்னு செய்தா.”

வா என்று கெஞ்சி அழைத்ததே அம்மாதான். இந்த வளாகத்தில் மேக்னா பௌதி வீட்டு வேலையை வாங்கிக்கொடுத்ததும் அம்மாதான். இரண்டு வீட்டை நம்பித்தான் கல்பனாதி அவ்வளவு தூரம் வருகிறார், கிடர்பூரில் பார்த்த வீடுகளை விட்டுவிட்டு.

இருவரில் யார் சொல்வது சரி? வீடு அழுக்கு என்பதும் சரி. அவர் உழைக்கிறார் என்பதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் காரணமாக வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன்.

ஜூலை 19

அம்மா பொடி டப்பாவைத் தன் அலமாரிக்குள் வைத்துவிட்டாள். தினமும் காலை இரண்டு கரண்டி அளந்து ஒரு கிண்ணத்தில் தருகிறாள். பாத்திர சோப்பும் பாதி வில்லைதான்.

இரண்டு கரண்டியில் எதுவும் வெளுக்கவில்லை. வாணலியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கிறது. கல்பனாதி அதை ஈடுகட்ட நாரால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். விரல் இடுக்குகள் வெடித்திருக்கின்றன. இன்று கிண்ணத்தை வாங்கும்போது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

என்னிடம் தேங்காயெண்ணெய் மட்டும் கேட்டார். கொடுத்தேன். அதைக்கூட அம்மா பார்க்காதபோது கொடுத்தேன்.

ஜூலை 24

முடிந்துவிட்டது.

அம்மா வாணலியை விரலால் தடவி, விரலைக் கல்பனாதியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். “இது என்ன? கேக்குதேன்ல, இது என்ன?”

“ரெண்டு கரண்டி போதாது, மாஷிமா.”

“முன்னால அள்ளி அள்ளித் தந்தப்பவும் இப்பிடித்தான இருந்துச்சு? அப்போ அது யாரு வீட்டுக்குப் போச்சு?”

கல்பனாதி கையைத் துடைத்தார். தன் துணிப்பையை எடுத்து, சமையலறைத் தரையில் கவிழ்த்தார். ஒரு சீப்பு, டிபன் டப்பா, குடை, ஒரு மடித்த ரவிக்கை. திரும்ப ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார்.

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நான் என் அறை வாசலில். ஒருத்தி தன் சீப்பைத் தரையிலிருந்து பொறுக்குவதை வீட்டில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நாளைலேர்ந்து வர வேண்டாம்” என்றாள் அம்மா. அவள் குரலும் நடுங்கியது. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூலை 25

இதை எழுதக் கை கூசுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வளாகத்தில் வேலைக்கு வருபவர்கள் எல்லாருக்கும் வாசல் ஆப்பில் ஒரு பக்கம் உண்டு. படம், கேட்டில் சொல்லும் நுழைவு எண், எந்தெந்த வீடு. வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் போடலாம், குறிப்பு எழுதலாம். புதிதாக ஆள் தேடுபவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். “நீ எழுது. ஒனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும்.”

“என்னன்னு?”

“நடந்தத எழுது. இன்னொரு வீட்ல ஏமாறக் கூடாதுல்லா.”

நடந்ததை எழுதவில்லை. ‘வீட்டுப் பொருள்களைக் கேட்காமல் எடுக்கிறார், வேலையில் சுத்தம் போதாது’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு நட்சத்திரம். ‘திருட்டு’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். அதை அந்த நேரத்தில் ஒரு கருணையாக நினைத்தேன். ஒரு அரைப்புள்ளியைக்கூட இடம் மாற்றி வைத்தேன். அடுத்தவர் எழுத்தைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள். வாக்கியம் பிசிறில்லாமல் இருந்தது.

எவ்வளவு படித்திருக்கிறேன்! கோழைத்தனத்தைப் பற்றி மட்டும் எத்தனை நாவல். அத்தனையிலும் நான் வேறு யாரோவாக என்னை நினைத்துத்தான் படித்திருக்கிறேன்.

ஜூலை 28

மேக்னா பௌதியும் நிறுத்திவிட்டார். லிஃப்டில் பார்த்தபோது சொன்னார்: “உங்க குறிப்பைப் படிச்சேன், ரஞ்சனா. நல்லவேளை.” நன்றி சொல்வதுபோல என் தோளைத் தொட்டார்.

கல்பனாதி காலையில் மேக்னா பௌதி வீட்டு வேலைக்கு வந்திருக்கிறார். நுழைவு எண் செல்லவில்லை என்று காவலாளி கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டானாம்.

ஆகஸ்ட் 4

புது ஆள் கிடைக்கவில்லை. பாத்திரம் நான், துணி அம்மா.

பொடியை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா முதல் நாள் இரண்டு கரண்டி போட்டாள். இரண்டாம் நாள் மூன்று. இன்று டப்பாவைச் சரித்து அப்படியே கொட்டினாள்.

ஆகஸ்ட் 8

புதுப் பாக்கெட் காலி. பதினான்கு நாள்கூட ஆகவில்லை. முன்பு மூன்று வீட்டுத் துணியா துவைத்தோம்? இல்லை. அதே மூன்று பேரின் துணி.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, தட்டைவிட்டுத் தலை தூக்காமல் கேட்டார்: “இந்தத் தடவ யாரு எடுத்துட்டுப் போனா, வல்லி?”

கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கேலியாக இல்லை. அம்மா ரசத்தை ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கீஸர் சூடாகவில்லை. ரமேஷ்பாபு என்கிற எலக்ட்ரீஷியன் வந்து அதைக் கழற்றி, உள்ளேயிருந்த கம்பிச்சுருளை வெளியே இழுத்தார். கம்பி தெரியவில்லை. சுண்ணாம்பு பூசிய எலும்புபோல இருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டினார். ஓடு ஓடாக உதிர்ந்தது.

“நாலு மாசத்துல இவ்வளவா?” என்றேன்.

“இந்தக் கட்டடம் முழுக்கவே இப்பிடித்தான் தீதி. எல்லாம் போர்வெல் தண்ணி. ‘கொர் ஜொல்’” என்றார். முரட்டுத் தண்ணீர்.

அவர் போனபின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடின நீர். பள்ளியில் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்த சொல். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்த தண்ணீர். அதில் சோப்பைப் போட்டால், சோப்பு அழுக்கிடம் போவதற்கு முன்னால் அந்த உப்புகளோடு சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைத் திப்பியாகிவிடும். முதலில் போடுகிற சோப்பெல்லாம் தண்ணீருக்கே தீனி. தண்ணீர் தின்று முடித்த பிறகு மிஞ்சுவதுதான் துணிக்கு. அந்தத் திப்பி துணியில் படிந்தால் நரைக்கும், விறைக்கும். தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்பு நின்றுவிடும். அதுதான் டம்ளரில் புள்ளி.

இரண்டு காலிப் பாட்டில் எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் வடிகட்டும் இயந்திரத்தின் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டு, மூடிக் குலுக்கினேன். வடிகட்டிய தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. குழாய்த் தண்ணீர் திரிந்த பால்போல ஆனது. மேலே ஒரு விரற்கடை அழுக்கு ஆடை, நுரை இல்லை.

மூன்றாவது சீவல் போட்ட பிறகுதான் ஓரத்தில் கொஞ்சம் நுரைத்தது.

கல்பனாதி இரண்டே சொல்லில் சொன்னது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கீஸர் பாழாக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 11

அம்மாவிடம் காட்டினேன்.

“போடி. உப்புத் தண்ணின்னா எனக்குத் தெரியாதா? எங்க பெரியம்ம வீட்டுக் கெணத்துல வாய் வைக்க முடியாது. பருப்பு கல்லாக் கெடக்கும். இங்க பருப்பு மல்லிப்பூவா வேகுது.”

“எந்தத் தண்ணில வேகவைக்கே?”

“எந்தத் தண்ணின்னா...” நிறுத்தினாள்.

சமையல், காப்பி, குடிப்பது எல்லாம் வடிகட்டிய தண்ணீர். வந்த நாளிலிருந்தே. கழுவுவது, துவைப்பது மட்டும் குழாய்த் தண்ணீர். அம்மாவின் நாக்கும் அம்மாவின் பருப்பும் இந்தத் தண்ணீரை ஒரு நாளும் சந்திக்கவே இல்லை. கல்பனாதியின் கை மட்டும்தான் சந்தித்தது. அன்று அவரிடம் நீட்டிய டம்ளரும் வடிகட்டிய தண்ணீர்தான்.

அம்மா துவரம்பருப்பைக் களைந்து, குழாய்த் தண்ணீரில், குக்கர் இல்லாமல் பாத்திரத்தில் போட்டாள். அடுப்பு முன்னால் நின்றாள். ஒரு மணி நேரம். அவ்வப்போது ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். அது நசுங்கவில்லை, வழுக்கியது. பாத்திரத்தின் உள்விளிம்பில் வெள்ளை வளையம்.

அடுப்பை அணைத்தாள். “இந்த வீட்ட வாங்காம இருந்திருக்கலாம்” என்றாள்.

“ஆப்புல எழுதினதை எடுக்கணும்மா.”

“எடுத்துரு. சத்தமில்லாம எடுத்துரு.”

ஆகஸ்ட் 12

எடுக்க முடியவில்லை. ஏழு நாளைக்குப் பிறகு குறிப்பை அழிக்க முடியாதாம். குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினால் அவர்கள் நீக்குவார்கள். காரணம் சொல்ல வேண்டும். அது எல்லார் பார்வைக்கும் வரும். சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணனே போனில் சொன்னார். பதினோரு வருடம் பழகிய ஆளைப் பற்றிய குறிப்பு சத்தமாக ஒட்டிக்கொண்டது, சத்தமில்லாமல் வராது.

அம்மா: “அப்போ விட்ரு. நூத்திருபது வீட்டுக்காரங்க முன்னால நாங்க பொய் சொன்னோம்னு எழுதுவியா? அவளுக்கு வேற வேல கெடைக்காமலா போயிரும்?”

ஆகஸ்ட் 17

விட்டுவிட்டேன். ஐந்து நாளாக விட்டுக்கொண்டே இருக்கிறேன். காரணங்கள் நன்றாக வருகின்றன. அம்மாவின் ரத்த அழுத்தம். அப்பாவின் மரியாதை. நான் பொதுவில் பேசுகிறவள் இல்லை. எல்லாம் உண்மை. எல்லாம் சேர்ந்து வெறும் திப்பி.

குழாய் வாயில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்து, அரை மணி கழித்துத் துடைத்தேன். பளிச்சென்று வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வினிகர். அம்மா இரண்டு மாதம் மண்டியிட்டுத் தேய்த்தது ஒரு துணி வினிகரில் போகிறது. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவளும் தண்ணீரோடுதான் சண்டை போட்டிருக்கிறாள், ஆள் தெரியாமல்.

ஆகஸ்ட் 23, சனி

கிடர்பூர் போனேன். நூலகம் என்று பொய் சொல்லிவிட்டு. இரண்டு பஸ். இரண்டாவதில் உட்கார இடமில்லை. இதை அவர் ஏப்ரலிலிருந்து தினமும் செய்தார்.

கல்பனாதி குழாயடியில் வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்தும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டார். டீ வேண்டுமா என்று கேட்டார். இரண்டு வீடு தேடியும் அமையவில்லையாம். முன்பு பார்த்த வீடுகளில் ஆள் போட்டுவிட்டார்கள். இப்போது ஒரு லாரி ஆபீஸில் வாரம் மூன்று நாள் பெருக்குகிறார்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கீஸர், பாட்டில், பருப்பு, எல்லாவற்றையும். என் வங்காளம் அம்மாவுடையதைவிட நல்லது, ஆனாலும் தடுமாறியது. பாதியிலேயே கையைக் காட்டினார். போதும் என்று.

“தண்ணி பத்தி எனக்குத் தெரியும், மாமொனி. கையில தெரியும்.” இதை வங்காளத்தில் சொன்னார். மாமொனி என்றால் கண்ணு மாதிரி. பிறகு: “கேட்டுக்காரன் அந்தக் குறிப்பைப் படிச்சுக் காட்டினான். நல்ல இங்கிலீஷ்னு சொன்னான். உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.”

நான் தலைகுனிந்தேன்.

“உன் அம்மா பார்க்கல. சந்தேகப்பட்டா, கத்தினா. அது மாஷிமா சுபாவம். ஆனா அன்னைக்கு பால்கனில — நீ பார்த்தியே?”

ஆமாம் என்றேன். பார்த்தேன் என்றேன். நாற்பத்தைந்து நாள் கழித்து, யாருக்கும் பயன்படாத இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அழுதிருந்தால், திட்டியிருந்தால், ஏதாவது பதில் சொல்லத் தோன்றியிருக்கும். டீ டம்ளரை வாங்கிக் கழுவினார். சோப்பு தொட்டதும் பொங்கியது. இங்கே ஆற்றுத் தண்ணீர்.

ஆகஸ்ட் 24

குடியிருப்போர் குழுவில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்திலும் வங்காளத்திலும். திருத்தவில்லை, மறுபடி படிக்கவில்லை.

‘ஜூலை 25 அன்று கல்பனா மண்டலைப் பற்றி வாசல் ஆப்பில் எழுதியது நான். அது உண்மை இல்லை. அவர் எதையும் எடுக்கவில்லை. பொடி வாளிக்குள் போனதை என் கண்ணால் பார்த்திருந்தும் எழுதினேன். நம் கட்டடத்தின் தண்ணீர் கடினமானது. சோப்பு மூன்று பங்கு பிடிக்கும். அவர் அதை முதல் நாளே சொன்னார். குறிப்பை நீக்கி, அவர் எண்ணைத் திறந்துவிடும்படி கேட்கிறேன். — ரஞ்சனா விஸ்வநாதன், ஐந்தாம் மாடி.’

அனுப்பிவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையை விட்டு எழாமல், “நான் சொல்லித்தான் எழுதுனதாப் போட்டியா?” என்றாள்.

“இல்ல. நான் எழுதினேன்னுதான் போட்டேன்.”

வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கறிக்கு வேண்டியதைவிட அதிகமாக.

ஆகஸ்ட் 27

அம்மா என்னிடம் பேசுவதில்லை. அப்பா வழியாகப் பேசுகிறாள். “அவள சாப்புட வரச் சொல்லுங்க.” நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்.

குழுவில் முதல் நாள் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், என் துண்டும் அப்படித்தான் என்றார். இன்னொருவர், எங்கள் வீட்டில் மூன்று ஆளை மாற்றிவிட்டோம் என்றார்.

செப்டம்பர் 5

சங்கம் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியது. கடினத்தன்மை லிட்டருக்கு நானூற்றுப் பத்து மில்லிகிராம். நூற்றெண்பதைத் தாண்டினாலே மிகக் கடினம் என்று தாளின் அடியில் அச்சிட்டிருக்கிறது. மேல்தொட்டிக்கு மென்னீராக்கும் கருவி வைப்பதைப் பற்றி விவாதம் நடக்கிறது. குறிப்பை நீக்கிவிட்டார்கள்.

அம்மா கண்ணாடி போட்டுத் தாளிலிருந்த எண்களைப் பார்த்தாள். மடித்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள்: “கல்பனாவக் கேளு. வருவாளான்னு. நான் கேட்டேன்னே சொல்லு.”

செப்டம்பர் 12, வெள்ளி

கல்பனாதி இந்தத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வளாகத்துக்கு வருகிறார். மூன்றாம் மாடியில் மேக்னா பௌதி வீடு, ஏழாம் மாடியில் இன்னொரு வீடு. ஐந்தாம் மாடிக்கு வருவீர்களா என்று லிஃப்ட் வாசலில் கேட்டேன், அம்மா கேட்டதாகவும் சொன்னேன். “நா, மாமொனி” என்றார். மாட்டேன், கண்ணு. பாத்திரம் நான் தேய்க்கிறேன்.